பனைமரம் இல்லை, அதனால் கோப்பையும் இல்லையாம்!

வணக்கம் மக்களே. கேமரா கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். காருக்குள் உட்கார்ந்துதான் பேசுகிறேன். என் தோளுக்குப் பின்னால் தெரிகிறது பாருங்கள், அதுதான் கீபேங்க் சென்டர், நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரின் ஐஸ் ஹாக்கி அணியான பஃபலோ சேபர்ஸின் அரங்கம். 19,070 பேர் உட்காரலாம். இன்று வாசலில் ஒரு காக்கா குருவிகூட இல்லை. 2025 ஏப்ரல் மாதம், என்எச்எல் என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான நாக்அவுட் சுற்று, தொடங்கும் நேரம். மற்ற ஊர்களில் முகத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டு திரிகிறார்கள். இங்கே கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

வழக்கமாக இந்தச் சேனலில் பனிக்கு டயர் மாற்றுவது, இங்கே முருங்கைக்கீரை எந்தக் கடையில் கிடைக்கும் என்பது மாதிரி உருப்படியான விஷயம் பேசுவேன். இன்று எங்கள் சேபர்ஸ் பற்றிய புலம்பல் மட்டும்தான். பிடிக்காதவர்கள் போன வாரத்துக் குழிப்பணியார வீடியோவுக்குப் போய்விடுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

முதலில் ஒரு விளக்கம். ஹாக்கி என்றதும் தன்ராஜ் பிள்ளையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டே ஆடுவது. என்எச்எல் லீக்கில் மொத்தம் 32 அணிகள். ஒவ்வொரு வருஷமும் 16 அணிகள் பிளேஆஃப் போகும். சரிபாதி! பத்துக்கு எட்டு எடுத்தால்தான் பாஸ் என்ற கதையெல்லாம் இல்லை. நடுவில் வந்தால் போதும். எங்கள் சேபர்ஸ் அந்த நடுவுக்கும் வந்து 14 வருஷம் ஆகிறது. 14 சீசன் தொடர்ந்து வெளியே. இந்த லீக்கின் வரலாற்றிலேயே இப்படி ஒரு அணி இருந்ததில்லை. இதற்கு முந்தைய மோசமான கணக்கு 10தான், ஃப்ளோரிடாவும் எட்மன்டனும் வைத்திருந்தார்கள். நாணயத்தைச் சுண்டிவிட்டுத் தொடர்ந்து 14 தடவை பூ விழ எவ்வளவு வாய்ப்பு? 16,384ல் ஒன்று. வெறும் துரதிர்ஷ்டத்தால் இது நடக்காது மக்களே, யாராவது உட்கார்ந்து உழைத்தால்தான் நடக்கும்.

நான் இந்த ஊருக்கு வந்தது 2010 ஆகஸ்ட். பஃபலோ பல்கலைக்கழகத்தில் எம்எஸ். ரூமில் ஐந்து பேர், ஒரே ஒரு பழைய டிவி. 2011 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவோடு ஏழு ஆட்டம் வரை போன தொடரை அதில்தான் பார்த்தேன். விதிமுறை பாதி புரியவில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கத்தியதில் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். அடுத்த வருஷம்! இன்றைக்கு எனக்கு இரண்டு பிள்ளைகள், காதோரம் நரை, முழங்காலில் வலி. அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டெர்ரி பெகுலா அணியை வாங்கினார். 2011 பிப்ரவரி, 189 மில்லியன் டாலர். இயற்கை எரிவாயுத் தொழிலில் சம்பாதித்தவர். தன் கம்பெனியை ஷெல்லுக்கு 4.7 பில்லியனுக்கு விற்றுவிட்டு வந்திருந்தார். வெறும் பணக்காரர் இல்லை, ரசிகர். முதல் நாள் மேடையில் பழைய நட்சத்திரம் கில்பெர் பெரோவைப் பார்த்து அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இன்றிலிருந்து இந்த அணி இருப்பதே ஸ்டான்லி கோப்பையை வெல்லத்தான் என்றார். ஊரே உருகிப் போயிற்று. 1970ல் தொடங்கிய அணி, லீக் சாம்பியனுக்குத் தரும் அந்தக் கோப்பை இதுவரை ஒன்றுகூடக் கிடையாது. 1999 இறுதித் தொடரில் டாலஸ் வீரர் பிரெட் ஹல் எங்களுக்கு எதிராகப் போட்ட கோலை, அவர் கால் கோல்கீப்பர் கோட்டுக்குள் இருந்தது, அது கோலே இல்லை என்று இன்றும் டீக்கடையில் சண்டை போடும் ஊர் இது. அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு ரசிகரே முதலாளியாக வந்தால் எப்படி இருக்கும்?

அப்புறம் என்ன நடந்தது? வரிசையாகச் சொன்னால் வீடியோ விடிய விடிய ஓடும். 14 வருஷத்தில் கோச் நாற்காலியில் ஏழு பேர். முதலில் இருந்த லிண்டி ரஃப்பை 2013ல் அனுப்பினார்கள், சுற்றிச் சுற்றி ஆறு பேரைப் பார்த்துவிட்டு 2024ல் மறுபடியும் அவரையே கூப்பிட்டார்கள். நடுவில் வந்த ரால்ஃப் க்ரூகர், அதற்கு முன் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் கால்பந்து கிளப்புக்குச் சேர்மனாக இருந்தவர். நான் கிண்டல் செய்யவில்லை, நிஜம்.

2015ஐ மட்டும் சொல்லியே ஆகவேண்டும். அந்த வருஷம் கானர் மெக்டேவிட் என்ற பையன் டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் புது இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு, வருகிறான். முதலில் எடுப்பது யார் என்று லாட்டரி போடுவார்கள், கடைசி இடத்தில் முடித்தால் அவனை எடுக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் தோற்பதற்காகவே கட்டிய அணி மாதிரி ஒன்றை இறக்கினார்கள். மார்ச் மாதம் அரிசோனாவோடு ஆட்டம், ஓவர்டைமில் எதிரணி கோல் போடுகிறது, இந்த அரங்கத்தில் எங்கள் ஆட்களே எழுந்து கைதட்டுகிறார்கள்! நான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது, அப்புறம் வயிற்றை என்னவோ செய்தது. சொந்தப் பிள்ளை பரீட்சையில் ஃபெயிலாக வேண்டும் என்று கோவிலில் தேங்காய் உடைப்பதுபோல. கடைசியில் லாட்டரி எட்மன்டனுக்கு விழுந்தது. மெக்டேவிட் அங்கே போனான். எங்களுக்கு இரண்டாவதாக ஜாக் ஐக்கல்.

இருங்கள், ஒன்று காட்டுகிறேன். இந்தப் பையில் என் ஜெர்சிகள் இருக்கின்றன. இது ஐக்கல், 15ஆம் நம்பர். நான் வாங்கி ஆசையாகப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் 9க்கு மாறிவிட்டார், அது வேறு எரிச்சல். 2021 மார்ச்சில் அவருக்குக் கழுத்தில் டிஸ்க் நழுவியது. செயற்கை டிஸ்க் வைத்துக்கொள்கிறேன் என்றார் அவர். எலும்பை இணைக்கும் ஆபரேஷன்தான் என்றது அணி. ஒப்பந்தப்படி கடைசி வார்த்தை அணியுடையது. மாதக்கணக்கில் இழுத்தார்கள், கேப்டன் பதவியைப் பறித்தார்கள், நவம்பரில் வேகாஸ் அணிக்கு டிரேட் செய்தார்கள், அதாவது வேறு வீரர்களுக்குப் பதிலாக மாற்றிக்கொடுத்தார்கள். வேகாஸ் அவர் கேட்ட ஆபரேஷனையே செய்ய விட்டது. 2023ல் வேகாஸ் கோப்பையை வென்றது. அந்த பிளேஆஃபில் எல்லாரையும்விட அதிகப் புள்ளி (போட்ட கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும்) எடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? இதே ஆள்தான்.

இது 90, ரயன் ஓ'ரைலி. தோற்றுத் தோற்று, விளையாட்டு மேல் இருந்த ஆசையே சில சமயம் போய்விட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2018ல் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷமே கோப்பை, பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. நியாயமாகச் சொன்னால், அந்த டிரேடில் வந்த டேஜ் தாம்ப்சன் தங்கம். இந்த சீசனில் 44 கோல் போட்டிருக்கிறார். அதை மறைக்க மாட்டேன்.

இது 23, சாம் ரைன்ஹார்ட். இந்த ஜெர்சி காலரில் சாஸ் கறை இருக்கிறது, விங்ஸ் சாப்பிடும்போது சிந்தியது, துவைத்தும் போகவில்லை. 2021ல் ஃப்ளோரிடா. 2024 ஜூனில் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், கோப்பையைத் தந்த கோல் அவருடையது. அந்த ஃப்ளோரிடா அணியில் முன்னாள் சேபர்ஸ் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்: ரைன்ஹார்ட், மான்டோர், ரோட்ரிகஸ், குலிகோவ், அதற்கு மூன்று மாதம் முன்னால்வரை எங்கள் கேப்டனாக இருந்த ஒகோஸோ. நாங்கள் தவிடும் புண்ணாக்கும் போட்டு வளர்க்கிறோம், பால் கறப்பது அடுத்த தெருவில்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். இவ்வளவும் தாங்கிக்கொண்டோம். தோற்பது எங்களுக்குப் பழகிவிட்டது. என்னால் தாங்க முடியாதது போன டிசம்பரில் நடந்தது. அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறது. ஜெனரல் மேனேஜர் கெவின் ஆடம்ஸ் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்காருகிறார். ஏன் நல்ல வீரர்களைக் கொண்டுவர முடியவில்லை என்று கேட்கிறார்கள். இப்போதைக்கு வீரர்கள் விரும்பி வரும் ஊர் இது இல்லை, இங்கே பனைமரம் கிடையாது, நியூயார்க் மாநிலத்தில் வரி அதிகம் என்கிறார்.

பனைமரம்!

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன் மக்களே. பனைமரம் இருந்தால் கோப்பை வரும் என்றால் எங்கள் தாலுகாவுக்கு மட்டும் இதற்குள் ஒரு டஜன் ஸ்டான்லி கோப்பை வந்திருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அடுத்த ஆட்டங்களில் ரசிகர்கள் காற்றடித்த பிளாஸ்டிக் பனைமரத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். அந்த நக்கல்தான் இந்த ஊர். அந்தத் தோல்வி வரிசை 13 ஆட்டம் ஒன்றுகூட ஜெயிக்காமல் ஓடியது. முதலாளி விமானம் ஏறி மான்ட்ரியால் போய் அணியோடு பேசினார். பேசிய பிறகும் தோற்றார்கள்.

அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. வீரர்களின் ஒப்பந்தத்தில் இந்த இந்த ஊருக்கு என்னை அனுப்பக் கூடாது என்று ஷரத்து போட்டுக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் எங்கள் பெயர் நிறைய இடங்களில் இருக்கும். ஆனால் ஏன் இருக்கிறது? வின்னிபெக் தெரியுமா? ஜனவரியில் மைனஸ் 30 போகிற ஊர். அங்கே எந்தப் பனைமரம்? இந்த சீசனில் லீக்கிலேயே முதலிடம் அவர்கள்தான், 116 புள்ளி. எங்களுக்கு 79. வீரர்கள் பனிக்குப் பயந்து ஓடவில்லை. 14 வருஷத்தைப் பார்த்து ஓடுகிறார்கள்.

இன்னும் எரிச்சல் என்னவென்றால் ஆடம்ஸ் இந்தப் பக்கத்து ஆள், பக்கத்திலிருக்கும் கிளாரன்ஸில் வளர்ந்தவர். வீரராக 2006ல் கரோலினாவோடு கோப்பை வென்றவர். ஆனால் 2020 ஜூனில் அந்த நாற்காலியில் உட்கார வைத்தபோது அதற்கு முன் ஜெனரல் மேனேஜராக ஒரு நாள்கூட இருந்ததில்லை, அணியின் வியாபாரப் பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய மேனேஜர் பாட்டரில் தொடர்வார் என்று முதலாளி தரப்பு சொல்லி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒரே நாளில் அவரையும் சேர்த்து 22 பேருக்குச் சீட்டு கிழித்தார்கள், பாதிப்பேர் புது வீரர்களைத் தேடும் ஸ்கவுட்கள். விதை நெல்லைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அறுவடை எங்கே என்று கேட்டால்?

ஹாக்கி விவகாரம் எல்லாவற்றுக்கும் தலைவர் என்று ஒருவர் பல அணிகளில் இருப்பார், மேனேஜரைக் கேள்வி கேட்க. இங்கே பேட் லஃபான்டெய்ன் 2013 நவம்பரில் வந்தார், 2014 மார்ச்சில் போய்விட்டார். அத்தோடு சரி. அதனால் ஆடம்ஸைக் கேள்வி கேட்க வேண்டியது பெகுலா ஒருவர்தான், அவரோ சேபர்ஸ் பற்றி வாய் திறப்பதே அபூர்வம். இந்த 2025 ஏப்ரலில் ஆடம்ஸ் வேலையில் தொடர்கிறார் என்பது உறுதியாகிவிட்டது.

பெகுலாவுக்கு அணி நடத்தத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றால் அதுவும் முடியவில்லை. இந்த ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான பஃபலோ பில்ஸ் யாருடையது? அவருடையதுதான், 2014ல் 1.4 பில்லியனுக்கு வாங்கினார். பில்ஸும் 17 வருஷம் பிளேஆஃப் பார்க்காமல் கிடந்த அணி. 2017ல் கோச்சையும் மேனேஜரையும் கொண்டுவந்தார், 2025 ஏப்ரல் வரை அதே இரண்டு பேர்! குறுக்கே விழவில்லை, தோற்ற வருஷத்தில் பதறவில்லை. இப்போது பாருங்கள். 2024 ஜனவரியில் பிளேஆஃபுக்கு முன் ஸ்டேடியம் முழுக்கப் பனி. மணிக்கு 20 டாலர் தருகிறோம், மண்வெட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். ஜனங்கள் போய் அள்ளினார்கள். எங்கள் ஆபீஸில் ஒருவர் காசுக்காகப் போகவில்லை, சும்மா போனார். இந்த ஊருக்கு யாரும் வரமாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் அந்தப் பனியில் ஒரு மணி நேரம் நின்றிருக்க வேண்டும்.

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

2022-23 சீசன் ஞாபகம் வருகிறது. 91 புள்ளி. ஒரே ஒரு புள்ளியில் போயிற்று. நமக்கு முன்னால் 92ல் நுழைந்த ஃப்ளோரிடா நேராக இறுதித் தொடர் வரை போனது. அன்று என் பெரியவனிடம், அடுத்த வருஷம் கண்டிப்பாக என்றேன். சொன்னதுமே எனக்கு அந்தப் பழைய பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வந்துவிட்டது.

அவனுக்கு இப்போது 11 வயது. பிறந்ததிலிருந்து சேபர்ஸ் ஒரு பிளேஆஃப் ஆட்டம் ஆடி அவன் பார்த்ததில்லை. போன வாரம் பிறந்தநாள், ஜெர்சி வேண்டும் என்றான். 26, ராஸ்மஸ் டாலின். 2018 டிராஃப்டில் முதல் ஆள், இப்போது கேப்டன், ஏழு சீசன் ஆடிவிட்டார், பிளேஆஃப் ஆட்டம் பூஜ்யம். எனக்குப் பயம். நான் யார் ஜெர்சி வாங்கினாலும் அவர் போய் எங்கேயோ கோப்பையைத் தூக்குகிறார். கோசன்ஸ் ஜெர்சி வாங்கலாமா என்று யோசித்தேன், யோசித்ததற்கே மார்ச்சில் ஒட்டாவாவுக்கு டிரேட் ஆகி இப்போது பிளேஆஃபில் இருக்கிறார். முதுகில் இவன் பெயரையே அடித்துக்கொடுங்கள், இவனை யாரும் டிரேட் செய்ய முடியாது என்றாள் என் மனைவி. இவன் ஒத்துக்கொள்ளவில்லை. டாலின்தான் வேண்டுமாம்.

வாங்கிவிட்டேன். இதோ, பையில் அடியில் இருக்கிறது, பாருங்கள். விலைச் சீட்டை மட்டும் இன்னும் கிழிக்கவில்லை.