மந்தையைக் காத்தவர்: எலிசபெத் மெக்கார்தர்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

1966-ல் ஆஸ்திரேலியாவுக்கு டாலர் வந்தபோது, இரண்டு டாலர் நோட்டில் ஜான் மெக்கார்தரின் படத்தைப் போட்டார்கள். பக்கத்திலேயே மெரினோ என்ற செம்மறி இனத்துக் கிடா ஒன்று. இந்த நாட்டுக் கம்பளித் தொழிலின் தந்தை என்று அவரைச் சொல்வது வழக்கம். ஆனால் அந்தத் தொழில் வேர்பிடித்த காலத்தில் ஏறக்குறைய 12 ஆண்டுகள் அவர் இந்த நாட்டிலேயே இல்லை. அப்போது மந்தையைக் காத்து வளர்த்தவர் அவருடைய மனைவி எலிசபெத். அவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எலிசபெத் பிறந்தது 1766-ல், இங்கிலாந்தின் டெவன் பகுதியில், பிரிட்ஜ்ரூல் என்ற சிற்றூரில். அப்பா ரிச்சர்ட் வீல் ஒரு விவசாயி. மகளுக்கு ஆறு வயது இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். எலிசபெத் தாத்தா வீட்டிலும், அப்புறம் ஊர்ப் பாதிரியார் வீட்டிலும் வளர்ந்தார். பாதிரியாரின் மகள் பிரிட்ஜெட்தான் அவருடைய உயிர்த்தோழி. பின்னாளில் கடல் கடந்து அந்தத் தோழிக்கு எழுதிய கடிதங்களால்தான் எலிசபெத்தின் மனதை இன்று நம்மால் ஓரளவு அறிய முடிகிறது.

1788-ல் ஜானுடன் திருமணம். அடுத்த ஆண்டே கணவருக்கு நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவில் வேலை கிடைத்தது. கைக்குழந்தை எட்வர்டுடன், வயிற்றில் இன்னொரு குழந்தையுடன், 'நெப்டியூன்' என்ற கைதிக் கப்பலில் ஏறினார். இரண்டாம் கப்பற்படை என்று வரலாறு சொல்லும் அந்தப் பயணத்தில் கைதிகளில் சுமார் கால்வாசிப் பேர் செத்துப்போனார்கள். பெண் கைதிகள் அடைக்கப்பட்ட இடத்துக்கும் இவர்களுடைய அறைக்கும் நடுவே ஒரு மெல்லிய பலகைதான் தடுப்பு. கணவருக்கும் கப்பல் தலைவர்களுக்கும் ஓயாத சண்டை. கடைசியில் நடுக்கடலிலேயே 'ஸ்கார்பரோ' என்ற கப்பலுக்கு மாறினார்கள். குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை சற்று நேரமே உயிரோடு இருந்தது. 1790 ஜூன் மாதம் சிட்னியில் கால் வைத்தபோது எலிசபெத்துக்கு வயது 23.

வந்த இடத்தில் பஞ்சம். பேச்சுத் துணைக்குக்கூடப் பெண்கள் அதிகம் இல்லை. ஆனாலும் அவர் சோர்ந்து உட்காரவில்லை. வில்லியம் டாஸ் என்ற அதிகாரியிடம் வானியலும் தாவரவியலும் கற்கத் தொடங்கினார். வோர்கன் என்ற கப்பல் மருத்துவர் முதல் கப்பற்படையோடு ஒரு பியானோவைக் கொண்டுவந்திருந்தார். எலிசபெத்துக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்து, ஊர் திரும்பும்போது அதை அவரிடமே விட்டுப்போனார். இந்தக் கண்டத்துக்கு வந்த முதல் பியானோ அதுதான் என்கிறார்கள்.

1793-ல் சிட்னிக்கு மேற்கே பரமட்டாவில் 100 ஏக்கர் நிலம் கிடைத்தது. மனைவி பெயரையே வைத்து அதற்கு 'எலிசபெத் பண்ணை' என்றார் ஜான். முதலில் வந்த ஆடுகளில் 60 நம் கல்கத்தாவிலிருந்து வாங்கிய வங்காளச் செம்மறிகள். மெரினோக்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

1801-ல் ஜான் தன் மேலதிகாரியுடன் துப்பாக்கிச் சண்டை போட்டு அவரைக் காயப்படுத்தினார். அதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர் திரும்பிவர 1805 ஆனது. வரும்போது அரச மந்தையின் மெரினோ ஆடுகளோடும், 5,000 ஏக்கர் தருவதற்கான உத்தரவோடும் வந்தார். சரி, இனி அமைதி என்று பார்த்தால், 1808-ல் ஆளுநர் பிளையைக் கவிழ்த்த கலகத்தின் பின்னணியில் அவர் நின்றார். 1809-ல் மறுபடியும் கப்பல். இந்த முறை திரும்பிவர 1817 ஆகிவிட்டது, காரணம் சிட்னியில் கைதாகும் ஆபத்து. புறப்பட்டபோது கடைசி மகள் எம்லினுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அப்பாவை அவள் அறிந்துகொண்டபோது வயது ஒன்பது.

அந்த எட்டரை ஆண்டுகள்தான் என்னை மிகவும் யோசிக்க வைப்பவை. கணவரிடம் ஒரு கேள்வி எழுதினால் பதில் வர ஒரு வருடம் ஆகும். எந்தக் கிடாவை எந்த மந்தையில் விடுவது, எதைக் கழிப்பது, கம்பளியைத் தரம் பிரித்து எந்தக் கப்பலில் அனுப்புவது, கைதித் தொழிலாளிகளுக்கு என்ன கூலி, என்ன ரேஷன் என்று எல்லாமே அவர் தீர்மானித்தாக வேண்டியவை. பரமட்டாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, அந்த 5,000 ஏக்கரில் உருவான காம்டன் பண்ணையும் அவர் பொறுப்புதான். கணவரின் அண்ணன் மகன் ஹானிபல் உதவினார், உண்மைதான். ஆனால் கணக்கும் முடிவும் எலிசபெத்துடையவை. ஆளுநர் மக்குவாரி அவருடைய விவசாயப் பணியை மதித்து மேலும் 600 ஏக்கர் கொடுத்தார். 1822-ல் லண்டனில் இந்தக் கம்பளிக்குத் தங்கப் பதக்கங்கள் கிடைத்தன. அவற்றை வாங்கியது ஜான் பெயரில்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. அந்த நிலம் வெறும் நிலம் அல்ல. பரமட்டா தாருக் பழங்குடி மக்களின் மண். காம்டன் பக்கம் தாராவல், கண்டங்குரா மக்களின் மண். 1816-ல் அங்கே மோதல்கள் முற்றின. குடியேறிகளின் பண்ணையாட்களும் கொல்லப்பட்டார்கள். அந்த ஏப்ரலில் மக்குவாரி அனுப்பிய படை ஆப்பின் என்ற இடத்தில் பழங்குடியினர் குறைந்தது 14 பேரை, பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்து, கொன்றது. மெக்கார்தர் குடும்பத்தின் செல்வம் இந்த மண்ணில்தான் வளர்ந்தது. எலிசபெத்தை மதிக்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஒன்பது பிள்ளைகள் பெற்று ஏழு பேரை வளர்த்தார். மூத்தவர் எட்வர்ட் படைத்தளபதி ஆகி, சில காலம் விக்டோரியாவின் ஆட்சிப் பொறுப்பையும் பார்த்தார். மகன் ஜான் ஏழு வயதில் 1801-ல் அப்பாவோடு இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர், வழக்கறிஞராகி அங்கேயே 1831-ல் இறந்தார். போன நாளுக்குப் பிறகு அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. கணவர் ஜானுக்கோ கடைசிக் காலத்தில் மனநிலை பிறழ்ந்தது. அத்தனை ஆண்டுகள் குடும்பத்தைத் தாங்கிய மனைவியின் நடத்தையையே சந்தேகித்தார். 1834-ல் காம்டனில் இறந்தார். எலிசபெத் இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை. 1850-ல் வாட்சன்ஸ் பே-யில், 83-வது வயதில் காலமானார்.

ஜேம்ஸ், வில்லியம் என்ற இரு மகன்களும் காம்டன் பண்ணையைத் தொடர்ந்து நடத்தினார்கள். ஜேம்ஸின் ஒரே மகளுக்கும் பாட்டியின் பெயர்தான், எலிசபெத். அவர் ஆன்ஸ்லோ என்ற கடற்படை அதிகாரியை மணந்தார். அந்த மெக்கார்தர்-ஆன்ஸ்லோ வழியினரிடம்தான் காம்டன் பார்க் மாளிகை இன்றும் இருக்கிறது. மெனாங்கிளில் உள்ள அரசு வேளாண் ஆய்வு நிலையத்துக்கும் எலிசபெத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஹாரிஸ் பார்க்கில் தோசை சாப்பிடப் போகிற நேயர்கள், அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ரோஸ்ஹில்லில் எலிசபெத் பண்ணை வீட்டைப் பார்க்கலாம். இப்போது அது அருங்காட்சியகம். கயிறு கட்டித் தடுப்பதில்லை. நாற்காலியில் உட்காரலாம், பொருள்களைத் தொட்டுப் பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.