எல்லையில் சுங்கம் இல்லாத நாட்டுக்கு வருமானம் எங்கிருந்து?

வணக்கம். இந்த வரைபடத்தைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் வயிற்றுக்குள் ஒரு சின்ன நாடு தெரிகிறதா? அதுதான் லெசோத்தோ. ஜோகனஸ்பர்க் வியாபாரி ஒருவர் டர்பன் துறைமுகத்தில் வெளிநாட்டுச் சட்டைகளை இறக்கி, லெசோத்தோ தலைநகர் மசேருவில் உள்ள கடைக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி டர்பனிலேயே கட்டியாகிவிட்டது. லாரி மசேரு பாலத்தைத் தாண்டும்போது மறுபடி சுங்கம் கிடையாது.

சரி, அந்தக் காசு எங்கே போகிறது? தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, லெசோத்தோ, நமீபியா, எஸ்வாட்டினி ஆகிய 5 நாடுகளுக்கும் பொதுவாக ஒரே உண்டியல். 1910-இல் உருவான சுங்க ஒன்றியம் இது. இன்றும் இயங்குபவற்றில் உலகிலேயே பழையது. சுங்கப் பணத்தில், மற்ற உறுப்பு நாடுகளிடம் யார் எவ்வளவு சரக்கு வாங்குகிறார்களோ அந்த அளவுக்குப் பங்கு. மது, சிகரெட் போன்றவற்றின் மீதான கலால் வரியும் இதே உண்டியலில்தான் சேரும். அதில் 15 சதவீதத்தை எடுத்துவைத்து, ஏழை நாடுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறார்கள். சிலர் இதைத் தென்னாப்பிரிக்கா போடும் பிச்சை என்கிறார்கள். எனக்கு அது சுத்தமாக ஒப்பவில்லை. தென்னாப்பிரிக்க ஆலைகளைக் காப்பாற்றும் சுங்கத்தால் விலை ஏறுகிறது. அந்த விலையை லெசோத்தோக்காரரும்தானே கொடுக்கிறார்?

சிக்கல் வேறு. உண்டியலில் எவ்வளவு விழும் என்பது சின்ன நாடுகளின் கையில் இல்லை. முதலில் மதிப்பீட்டை வைத்துப் பங்கு கொடுத்துவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்து, கூடுதலாகப் போனதைக் கழித்துக்கொள்வார்கள். உலகப் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதி சரிந்தபோது புதுப் பங்கும் குறைந்தது, பழைய கூடுதலும் கழிந்தது; இரண்டு அடியும் சேர்ந்தே விழுந்தன. அப்போது ஸ்வாசிலாந்து என்று பெயர் கொண்டிருந்த எஸ்வாட்டினிக்கு, அரசு வருமானத்தில் பாதிக்கு மேல் இந்த உண்டியல்தான். 2010-11-இல் அந்தப் பங்கே பாதிக்கும் கீழே போனது. சம்பளம் போடத் திணறி, 2011-இல் தென்னாப்பிரிக்காவிடமே கடன் கேட்டு நின்றார்கள். 240 கோடி ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) தருவதாகப் பேச்சு. நிபந்தனைகளில் சிக்கி அது கைக்கு வரவே இல்லை.

அப்புறம், 1999-இல் தென்னாப்பிரிக்கா ஐரோப்பிய ஒன்றியத்தோடு வணிக ஒப்பந்தம் போட்டது. ஐரோப்பியச் சரக்குக்குச் சுங்கம் குறைந்தது, எல்லோருக்குமான உண்டியலும் மெலிந்தது. சின்ன நாடுகள் அதில் கையெழுத்தே போடவில்லை. 2021-இல் ஆப்பிரிக்கா முழுமைக்குமான தடையற்ற வணிகமும் தொடங்கிவிட்டது. வருடா வருடம் சுங்கம் இன்னும் இறங்கும்.

மதிப்புக் கூட்டு வரி இந்த உண்டியலில் சேராது, அந்தந்த நாட்டுக்கே சொந்தம். லெசோத்தோ அதை ஒழுங்காக வசூலிக்க இப்போதே ஆளும் கணினியும் போட வேண்டும், பங்கு நன்றாக வரும் வருடத்திலேயே.