சென்னை – சிங்கப்பூர்: எத்தனை மணி நேரப் பயணம்?

நேயர்களுக்கு வணக்கம். மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி விமான நிலையம் நேர்தூரத்தில் சுமார் 2,900 கிலோமீட்டர். ஜெட் விமானம் நடுவானில் மணிக்கு ஏறக்குறைய 830 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் மூன்றரை மணி நேரம். டிக்கெட்டிலோ நான்கு மணி, நாலேகால் மணி என்று இருக்கும். மிச்சம் எங்கே போகிறது?

விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பதுவரை எல்லாமே பயண நேரம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். 35,000 அடியில் பறக்கிற விமானம் சாங்கிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் முன்பே இறங்கத் தொடங்கும். 10,000 அடிக்குக் கீழே வேகம் 460 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும்.

அடுத்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று நாளில் இங்கே தரையை ஒட்டி அடிப்பது மேற்கிலிருந்து வரும் மேலைக்காற்று. ஆனால் வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று பாய்கிறது. நம் வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம் 1958இல் இதை விளக்கி எழுதினார். அதனால் ஜூலை, ஆகஸ்டில் சிங்கப்பூர் போகும்போது பெரும்பாலும் எதிர்க்காற்று. போகையில் விட்டதைத் திரும்புகையில் பிடித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. நூறு கிலோமீட்டர் வேகக் காற்று என்று வையுங்கள். எதிர்த்துப் போக 3 மணி 58 நிமிடம், அதோடு சேர்ந்து வர 3 மணி 7 நிமிடம். கூட்டினால், காற்றே இல்லாத நாளைவிட ஆறு நிமிடம் அதிகம். எதிர்க்காற்றில்தானே அதிக நேரம் இருக்கிறோம்!

இனி, பலரும் தடுமாறுகிற இடம். டிக்கெட்டில் உள்ள நேரம் அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. இரவு 11.15க்குக் கிளம்பி காலை 5.45க்கு இறங்கும் என்றால், ஆறரை மணி போலத் தெரியும். இரண்டரையைக் கழியுங்கள்: நான்கு. அங்கே காலை 9க்கு ஏறி, சென்னையில் 10.30க்கு இறங்கும் என்றால் ஒன்றரை மணிதானா? இரண்டரையைக் கூட்டுங்கள்: அதுவும் நான்கு. மறுபடி சொல்கிறேன், கிளம்புவது கிளம்பும் ஊர் நேரம், சேருவது சேரும் ஊர் நேரம். அழைத்துப்போக வருகிறவரிடம் சேரும் ஊர் நேரத்தையே சொல்லுங்கள்.

தேதியையும் பாருங்கள். ஆறாம் தேதி 00.30 என்று போட்டிருந்தால், ஐந்தாம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஆறாம் தேதி சாப்பிட்டுவிட்டு இரவு சாவகாசமாகப் புறப்பட்டால், விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். சனிக்கிழமை நள்ளிரவு என்று வாயால் சொல்லிக்கொள்ளாமல், தேதியை எழுதி வையுங்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது. இணைப்பு விமானம், அதாவது வழியில் இறங்கி மாறி ஏறும் விமானம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன்; ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் பொதுவாக நஷ்டம் உங்களுடையதுதான். வணக்கம்.