டம்மி டக்: வயிற்றுத் தோல் இறங்கும், தொப்புள் மட்டும் நகராது!

(திரையில்: தையல் இயந்திரம், தொங்கும் ரவிக்கைகள். கத்தரிக்கோல் ஓசை.)

வணக்கம். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு தையல் கடைக்குள் நிற்கிறேன். அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். மருத்துவமனையில் நின்று சொன்னால் பாதிதான் புரியும். இங்கே முழுவதும் புரிந்துவிடும்.

முதலில் ஒரு புதிர். டம்மி டக் என்றால் வயிற்றில் தொங்கும் தோலைக் கீழ்ப்பக்கமாக இழுத்து, மிஞ்சுவதை வெட்டி எடுத்துவிட்டுத் தைப்பது. தோல் கீழே இறங்கினால் அதிலிருக்கும் தொப்புளும் கூடவே இறங்க வேண்டும் அல்லவா? அப்படியானால் அது எங்கே போய் நிற்கும்? யோசித்துக்கொண்டே இருங்கள், சொல்கிறேன்.

வரலாறு வேண்டுமா? 1899இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹோவர்ட் கெல்லி தொங்கும் வயிற்றுச் சதையைக் குறுக்குவாட்டில் வெட்டி எடுத்தார். 1967இல் பிரேசிலின் இவோ பிட்டாங்கி, 300 பேருக்குச் செய்த அனுபவத்தை வெளியிட்டார். வரலாறு முடிந்தது. யாரும் தூங்கவில்லையே?

இனி கசப்பான சேதி. இது எடை குறைக்கும் சிகிச்சை அல்ல. வயிற்றை இரண்டு விரல்களால் கிள்ளிப் பாருங்கள். கையில் அகப்படுவது தோலும் அதன் அடியில் உள்ள கொழுப்பும்; கத்தி போவது அதுவரைதான். கிள்ளவே வராமல் பானை போலக் கெட்டியாக முன்தள்ளும் வயிறு இருக்கிறதே, அதன் கொழுப்பு உள்ளே குடலைச் சுற்றிக் கிடக்கிறது. அதை இந்தச் சிகிச்சை தொடாது. கடைத்திண்ணையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும் அண்ணன்மார்களே, உங்களைத்தான் சொல்கிறேன். நடக்கப் போங்கள்.

சரி, புதிருக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் நான் இந்தக் கடைக்கு வந்ததே.

(திரையில்: மேசைமீது இரண்டு துணிகள், ஒன்றன்மேல் ஒன்று. அடித்துணியில் ஒரு பொத்தான்.)

அடித்துணியைத் தசை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்துணி தோல். தொப்புள் என்பது அடித்துணியில் தைத்த பொத்தான். மேல்துணியில் இருக்கும் காஜா வழியாக அது வெளியே எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். அறுவை சிகிச்சை நிபுணர் இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, உள்ளாடைக்குள் மறையும்படி தாழ்வாக வெட்டுகிறார். தொப்புளைச் சுற்றி வட்டமாக வெட்டி, பொத்தானைக் காஜாவிலிருந்து விடுவிக்கிறார். பிறகு மேல்துணியை விலா எலும்பு வரை தூக்கிப் பிரித்து, கீழே இழுத்து, மிச்சத்தை நறுக்குகிறார். பழைய காஜா பெரும்பாலும் அந்த மிச்சத்தோடு குப்பைக்குப் போய்விடும். பொத்தானோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு நேர் மேலே தோலில் புதிதாக ஒரு துளை வெட்டி, பொத்தானை வெளியே எடுத்துச் சுற்றித் தைத்துவிடுகிறார்.

அதாவது தொப்புள் உங்கள் சொந்தத் தொப்புள்தான். வாசல் மட்டும் புதிது.

இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அருவருப்பால் அல்ல, வியப்பால். இன்னும் யோசியுங்கள். விலாவுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தால் அது தொப்புள் பக்கம் குடிபெயர்ந்துவிடலாம். பிரசவத்தில் விழுந்த வரிகளில் தொப்புளுக்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் வெட்டிய தோலோடு போய்விடும். மேலே இருப்பவை போகாது. கொஞ்சம் கீழே இறங்கி உட்காரும். மச்ச சாஸ்திரம் பார்ப்பவர்கள் இதற்கு என்ன பலன் சொல்வார்கள் என்று தெரிந்தால் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். சிறிய அளவிலான மினி டம்மி டக்கில் புதுக் காஜா கிடையாது.

அடித்துணிக்கும் வேலை உண்டு. வயிற்றின் நடுவில் விலாவிலிருந்து கீழ்வரை இரண்டு நீளத் தசைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. கர்ப்ப காலத்தில் இவை விலகும். சிலருக்குப் பிறகு சேர்வதே இல்லை. எவ்வளவு மெலிந்தாலும் ஐந்து மாதம் போலத் தெரிவது இதனால்தான். அந்த இடைவெளியை உள்ளேயே பிடித்துத் தைக்கிறார்கள். "டக்" என்றால் தையல்காரர் அகலத்தைக் குறைக்கப் பிடிக்கும் பிடிப்பு. இந்தக் கடையில் தினமும் நடக்கிறது.

என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பிள்ளை பெற்றவளுக்கு மூலிகை போட்டுக் காய்ச்சிய வேது நீர் ஊற்றிக் குளிப்பாட்டிய கையோடு பழைய முண்டு வேட்டி ஒன்றை வயிற்றில் இறுக்கிக் கட்டிவிடுவார். கட்டினால் தசை சேர்ந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. இடுப்புக்கு அது தாங்கலாக இருக்கும், உண்மை. ஆனால் நன்றாக விலகிய தசையைத் துணி மட்டும் சேர்த்துவிடாது. வேடிக்கை என்னவென்றால், நிறையப் பணம் மயக்க மருந்துக்கும் தையலுக்கும் கொடுத்து முடித்த பிறகு, மருத்துவரும் வயிற்றைச் சுற்றி ஓர் இறுக்கப் பட்டையைத்தான் மாட்டிவிடுகிறார். சுமார் ஆறு வாரம். அம்மாயி இருந்திருந்தால் "முண்டு என்ன பாவம் செய்தது?" என்று கேட்டிருப்பார்.

அறுவை சிகிச்சை இரண்டிலிருந்து நான்கு மணி நேரம். மீள்வதுதான் நீளம். முதல் வாரம் நிமிர்ந்து நடக்க முடியாது. தோல் இழுத்துத் தைக்கப்பட்டிருப்பதால் குனிந்தே நடப்பீர்கள். பக்கவாட்டில் ஒரு குழாய், அதன் முனையில் ரப்பர் குமிழ். உள்ளே ஊறும் நீர் அதில் சேரும். அளவு குறைந்ததும் எடுத்துவிடுவார்கள். மல்லாந்து நேராகப் படுக்கக்கூடாது. முதுகும் முழங்காலும் சற்று உயர்ந்திருக்க வேண்டும். மருத்துவமனையில் இதற்கென்றே மடங்கும் கட்டில் இருக்கிறது. வீட்டில்? நம் வராந்தாவில் தாத்தா பேப்பர் படித்த சாருகசேர! அந்தச் சாய்வு நாற்காலியின் வளைவு கிட்டத்தட்ட மருத்துவர் சொல்லும் வளைவுதான். கால் பக்கம் தலையணை வையுங்கள், போதும். தாத்தாவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இருமினால், தும்மினால், சிரித்தால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை சில வாரங்களுக்கு வேண்டாம். தண்ணீர்க் குடம், கைக்குழந்தை, எரிவாயு உருளை எதையும் ஆறு வாரம் தூக்கக்கூடாது. இந்த வரியை மாமியாருக்கு அனுப்பிவையுங்கள். பங்குனி வெயிலில் பாலக்காட்டில் அந்தப் பட்டையை மாட்டிக்கொண்டு இருப்பதை நினைத்தாலே வேர்க்கிறது. என்னைக் கேட்டால் மார்கழியில் செய்துகொள்ளலாம்.

இப்போது சிரிக்காமல் சில வார்த்தைகள். கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் வந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம், அது உயிரைப் பறிக்கும். அதற்காகத்தான் மறுநாளே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் இழுத்துத் தைத்த தோலின் ஓரத்துக்கு இரத்தம் போதாமல் அது கருகிவிடலாம். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்றால் இந்த அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுங்கள். மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டிஎன்பி (இப்போது டிஆர்என்பி) என்ற உயர் சிறப்புப் பட்டம் முடித்தவரா என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

சாலையோரப் பலகைகளில் "முன்பு, பின்பு" படங்கள் பார்க்கிறோம். முன்பு படத்தில் கூன் போட்டு நிற்கிறார். பின்பு படத்தில் நிமிர்ந்து நிற்கிறார். தழும்பு உள்ளாடைக்குள். இடுப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடும் அந்தக் கோடு மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், முழுதாக மறையாது. அடிவயிறு பல மாதங்கள் மரத்துப்போயிருக்கும். இதைப் பலகையில் போட மாட்டார்கள்.

இவ்வளவு நேரமும் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்த கடைக்காரர், நான் கேமராவை அணைக்கப் போனபோது கேட்டார்: "அம்மிணி, அளவு எடுப்பது படுக்க வைத்தா, நிற்க வைத்தா?"

நிற்க வைத்துத்தான் அண்ணா. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே, நின்ற நிலையில் பேனாவால் கோடு போட்டுவிடுவார்கள். படுத்தால் தொங்கல் தெரியாதே.

"அப்படியானால் தொழில் தெரிந்தவர்கள்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதியில் காலை வைத்தார்.