“ரெண்டும் பொண்ணா?”

நடுவர் அவர்களே, மேடையில் இருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, இந்த மார்கழிப் பனி இன்னும் விடாத ராத்திரியில் பொங்கல் விழாவுக்கு வந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாலக்கோட்டு மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

சின்னப் பெண்பிள்ளைகளை வளர்க்கிற அம்மாவை அதிகம் படுத்துவது பிள்ளைகளா, ஊராரா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் பிள்ளைகள்தான் என்று அடித்துப் பேசிவிட்டுப் போனார். பேன், ரெட்டைச் சடை, வீட்டுப்பாடம், ரிமோட் சண்டை, சோறு ஊட்ட ஒரு மணி நேரம் என்று ஒன்று விடாமல் சொன்னார். கைதட்டலும் வாங்கினார், நானும்தான் தட்டினேன். ஆனால் அண்ணா, ஒரே ஒரு கேள்வி. உங்க பொண்ணுக்கு நீங்க கடைசியா எப்போ சடை பின்னிவிட்டீங்க? பதில் வேண்டாம், முன்வரிசையில் அண்ணி சிரிக்கிறார், அது போதும்.

எனக்கு ரெண்டு பொண்ணு. பெரியவளுக்கு ஒன்பது வயசு, சின்னவளுக்கு அஞ்சு. அவங்கப்பா தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறார், ராத்திரி மூணு மணிக்கு மண்டிக்குக் கிளம்பிவிடுவார், அதனால் காலை நேரம் மொத்தமும் என் தலையில்தான். நான் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருக்கிறேன். அதனால் பிள்ளைகள் படுத்துவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நேற்றைக்கு முந்தின நாள் நடந்ததையே சொல்கிறேன். எட்டே காலுக்கு வேன். எட்டு மணிக்குப் பெரியவள் அரைத் தூக்கத்தில் தலையை என் முட்டிமேல் சாய்த்துக்கொண்டே சடை பின்னிக்கொள்கிறாள், ஒரு சடை முடிந்தது, அடுத்ததுக்கு ரிப்பனைத் தேடினால் அது சின்னவளின் பொம்மை கழுத்தில் கிடக்கிறது, அதைப் பிடுங்கினால் அவள் அழுகை, அழுகை ஓய்ந்தால் பெரியவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு “வகிடு கோணலா இருக்குது, பிரி” என்கிறாள், பிரித்து மறுபடி எடுத்தால் “இப்பவும் கோணல்”. மூணாவது தடவை வகிடு எடுக்கும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடியே எங்கள் வீட்டில் பொங்கிவிட்டது, நடுவர் அவர்களே.

சரி, ஒத்துக்கொள்கிறேன், படுத்துகிறார்கள். ஆனால் வேன் ஏறினால் அது முடிந்தது. சாயங்காலம் மறுபடி ஆரம்பிக்கும், ராத்திரி ஒன்பது மணிக்குத் தூங்கினால் மறுபடி முடிந்தது. தூங்குகிற பிள்ளை முகத்தைப் பார்த்துக் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடிந்த அம்மா யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ஊர் இருக்கிறதே, அது தூங்குவதே இல்லை. நான் பெற்றதிலிருந்து என்று நினைக்காதீர்கள், பெறுவதற்கு முன்னாலேயே அது வேலையை ஆரம்பித்துவிட்டது.

சின்னவள் வயிற்றில் இருந்தபோது எங்கள் தெருவில் ஸ்கேன் மிஷினே தேவைப்படவில்லை. வயிறு கூம்பாக இருக்கிறது, பையன்தான் என்றார் எதிர்வீட்டு அக்கா. முகம் களையாகிவிட்டது, பொண்ணுதான் என்றார் பின்வீட்டுப் பெரிம்மா. நிஜமான ஸ்கேன் சென்டரில் பெரிய எழுத்தில் போர்டு மாட்டியிருக்கிறது, ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம், கேட்பதும் குற்றம் என்று. 1994லேயே சட்டம் வந்தாயிற்று. அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் காதில், “தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காரு, வேணுமா?” என்றார். நான் வேண்டாம் என்றதும் என்னைப் பார்த்தார் பாருங்கள், பாவம் பிழைக்கத் தெரியாத பொண்ணு என்கிற மாதிரி.

இதைச் சும்மா வம்புக்குச் சொல்லவில்லை. நாம் உட்கார்ந்திருப்பது தருமபுரி மாவட்டம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயசுவரைக்குமான பிள்ளைகளில், இங்கே ஆயிரம் பையன்களுக்கு 826 பெண்பிள்ளைகள்தான். இயற்கையிலேயே பையன்கள் கொஞ்சம் கூடுதலாகத்தான் பிறப்பார்கள், 950 பக்கம் இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். 826 என்பது இயற்கை செய்த கணக்கு இல்லை. வேண்டாம் என்கிற பெண்குழந்தையைக் கொல்லாமல் அரசாங்கத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போகச் சொல்லி 1992ல் சேலத்தில் தொடங்கின தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் நம் மாவட்டத்துக்கும் வந்தது எதற்கு? எதிரணி அண்ணன் சொல்லட்டும், பிறந்து ரெண்டே நாள் ஆன பெண்குழந்தை அந்த அம்மாவை என்ன படுத்தியிருக்கும்? சடை பின்னச் சொன்னதா, ரிமோட் கேட்டதா? “இதுவும் பொண்ணா” என்று வாசலில் வந்து நின்றவர்கள் யார்? 2011ல் அந்தக் கணக்கு 913க்கு வந்தது, மாறியிருக்கிறோம், சந்தோஷம்தான். ஆனால் ஊரின் வாய் மட்டும் இன்னும் 826லேயேதான் நிற்கிறது.

என் கதைக்கு வருகிறேன். ரெண்டாவதும் பொண்ணு என்றதும் நானும் அவரும் பேசி, இது போதும் என்று ஆபரேஷன் பண்ணிக்கொண்டேன். அரசாங்கத்தில் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, ரெண்டும் பொண்ணாக இருந்து, பையன் இல்லாமல், குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்தால் ஆளுக்கு 25,000 ரூபாய் பிள்ளைகள் பேரில் டெபாசிட் போடுவார்கள், பதினெட்டு வயசில் வட்டியோடு வரும். அதற்காகச் சான்றிதழ் வாங்க நான் அலைந்த அலைச்சல் தனிக் கதை, அதை விடுங்கள். அந்த அலைச்சலைக்கூடத் தாங்கிக்கொண்டேன், தெருவில் இருந்த துக்க விசாரணையைத்தான் தாங்க முடியவில்லை. எழவு வீட்டுக்கு வருகிற மாதிரி ஒவ்வொருத்தராக வந்தார்கள். “அவசரப்பட்டுட்டியே கண்ணு, இன்னொண்ணு பார்த்திருக்கலாமே.” “கொள்ளி வைக்க ஆள் வேணாமா?” எனக்கு அப்போது தையல் போட்ட வயிறு, எழுந்து உட்காரவே முடியவில்லை, இவர்களுக்கு என்னுடைய கொள்ளிக்கு அவசரம்!

இதில் இன்னொரு வேடிக்கை, எல்லாப் பழியும் எனக்குத்தான். பொண்ணா பையனா என்று முடிவு செய்வது அப்பாவிடமிருந்து வருகிற குரோமோசோம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அம்மாவிடம் இருப்பது எக்ஸ் மட்டும்தான், ஒய் வேண்டுமென்றால் அவர்தான் கொடுக்க வேண்டும். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தக்காளி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் பல்லு. நம் பக்கத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறார்கள், தாண்டின தண்ணீரைச் சின்ன வயசில், பல் உருவாகிற காலத்தில் குடித்தால் பல்லில் கறை விழும், தேய்த்தால் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகத்தான் வந்தது. பெரியவள் குழந்தையாக இருந்தபோது நாங்கள் தோட்டத்து வீட்டில் இருந்தோம், குழாய் கிடையாது, போர் தண்ணீர்தான். அவளுக்கு முன்பல் ரெண்டிலும் லேசாகப் பழுப்புக் கோடு உண்டு. அவள் அதைக் கண்டுகொண்டதே இல்லை, ஈயென்று சிரிப்பாள். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் ஒரு அம்மா அவள் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம், “பொண்ணுக்குப் பல்லு இப்படி இருந்தா நாளைக்கு எவன் கட்டுவான்?” என்றார். அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டே! அதே பந்தியில் அதே கறையோடு அவங்க வீட்டுப் பையன் வாயைப் பிளந்து ஜிலேபி தின்றுகொண்டிருந்தான், அவனை எவள் கட்டுவாள் என்று யாரும் கவலைப்படவில்லை. அன்றிலிருந்து போட்டோ எடுக்கும்போது என் பொண்ணு வாயை மூடிக்கொள்கிறாள். தண்ணீர் பல்லில் கோடு போட்டது, வாயை மூட வைத்தது ஊர்தான், அண்ணா.

அதோடு விட்டார்களா? அவளுக்குக் கோழிக்கறி கொடுக்காதே, சீக்கிரம் வயசுக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று ஒருத்தர். முட்டை கொடு, எலும்பு பலப்படட்டும் என்று இன்னொருத்தர். ரெண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துதான் சொல்கிறார்கள், தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தாவது சொல்லக்கூடாதா? கூடவே தங்கம் சவரன் என்ன விலை என்று எனக்கு வாராவாரம் செய்தி அறிக்கை வேறு. என் பிள்ளை பெருக்கல் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருக்கிறாள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டுவரை படித்துவிட்டு மேலே படிக்கப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் வருகிறது, 2022லிருந்து கொடுக்கிறார்கள். அதைப் பற்றி அந்தத் திண்ணையில் ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் தொழிலில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கக் கொண்டுவருவார்கள். பையன் டவுசருக்கு ரெண்டு பக்கமும் பாக்கெட், பின்னால் ஒன்று வேறு. பொண்ணு பாவாடைக்குப் பாக்கெட் கிடையாது. நான் என் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது ஆளுக்கு ஒன்று வைத்தேன், உள்கை நீளத்துக்கு நல்ல ஆழமாக. சின்னவள் அதில் என்ன வைக்கிறாள் தெரியுமா? புளியங்கொட்டை, உடைந்த சாக்பீஸ், ஒரு தடவை உயிரோடு ஒரு பொன்வண்டு. இதைப் பார்த்து வகுப்பில் இன்னும் நாலு பிள்ளைகள் கேட்டு, அவர்களுக்கும் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் ஒரு அம்மா பாவாடையைத் திருப்பிக் கொண்டுவந்து, “பொட்டப் புள்ளைக்கு எதுக்குப் பாக்கெட்டு, கைய உள்ள விட்டுக்கிட்டு நடந்தா ஊரு என்ன சொல்லும்? பிரிச்சுடு” என்றார். பிரித்துக் கொடுத்தேன், வாடிக்கையாளர். அந்தப் பிள்ளை வாசலில் நின்று, நான் தையலைப் பிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளையா அந்த அம்மாவைப் படுத்தியது? இல்லை. அந்த அம்மாகூட இல்லை, நடுவர் அவர்களே, கவனித்தீர்களா, “ஊரு என்ன சொல்லும்.” இத்தனைக்கும் நம் தருமபுரியை, அந்தக் காலத்துத் தகடூரை, ஆண்ட அதியமான் நெல்லிக்கனியைக் கொண்டுவந்து ஔவை கையில் கொடுத்தான் என்று பெருமை பேசுகிற ஊர் இது. பாவாடையில் பாக்கெட் இருந்திருந்தால் அந்தக் கிழவி வீட்டுக்குக் கொண்டுபோயாவது தின்றிருப்பாள்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒன்றே ஒன்று, போன மாசம் நடந்தது.

லீவு நாள். நான் மிஷினில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் ரெண்டும் கட்டிலுக்கு அடியில் ஆஸ்பத்திரி விளையாட்டு. சின்னவளின் பொம்மைக்குப் பிரசவம். பெரியவள் டாக்டர், துண்டில் சுற்றி ஒரு குட்டிப் பொம்மையை எடுத்துக் கொடுத்தாள். சின்னவள் கேட்டாள், “என்ன குழந்தை?” “பொண்ணு.” உடனே சின்னவள் குரலை மாத்திக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, “பையன்னா ஐநூறு, பொண்ணுன்னா முந்நூறு, எடு காசை” என்றாள். பெரியவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பொண்ணுதானே, இருநூறு வெச்சுக்கோ” என்று ரெண்டு பட்டனை எண்ணிக் கொடுத்தாள்.

ஊசி என் விரலில் ஏறிவிட்டது. ஏனென்றால் அது விளையாட்டு இல்லை, சின்னவள் பிறந்த அன்றைக்கு வார்டு வாசலில் நடந்தது அப்படியே அதுதான். குழந்தையைக் கொண்டுவந்து காட்டிய ஆயாம்மா கேட்டதும், என் மாமியார் பேரம் பேசினதும். மாமியார் தங்கமானவர், பேத்திகள்மேல் உயிர், அதைச் சிரிப்புக் கதையாகத்தான் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வார், கேட்டவர்களும் சிரித்தார்கள், ஒரு தடவை நானும் சிரித்திருக்கிறேன். அஞ்சு வருஷமாகச் சிரித்ததை அவள் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். தன்னுடைய விலைதான் அது என்பது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை கேட்கத் தைரியம் வரவில்லை. பிள்ளைகள் பாலைப் பொங்கவிட்டால் அடுப்பைத் துடைத்துவிடுவேன், அண்ணா. இதை எந்தத் துணியால் துடைப்பது? நீங்கள் பதில் பேசும்போது அதைக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போங்கள்.

அடித்துவிட்டீர்கள் மணியை. சரி, முடித்துக்கொள்கிறேன். அதோ மூணாவது வரிசையில் என் சின்னவள் தூங்கிப்போய்விட்டாள், யாரென்றே எனக்குத் தெரியாத ஒரு அக்கா அவள் தலையைத் தன் மடியில் வைத்து, தன் சால்வையைப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரும் ஊர்தான். எதிரணி இதைக் குறித்துக்கொள்ளலாம், நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அக்கா, வகிடு கலையாமல் பார்த்துக்கோங்க, காலையில் எழுந்ததும் அவள் கண்ணாடி கேட்பாள்.