பிரவுசருக்குள் ஓடும் சி நிரல்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அச்சிட்ட பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால், அதிலுள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்த வரிகளாக மாற்றித் தரும் மென்பொருள் டெசராக்ட். 1985-இல் ஹியூலட் பேக்கார்டு நிறுவனத்தில் தொடங்கிய வேலை அது. 2005-இல் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சி, சி++ என்ற நிரல் மொழிகளில் எழுதியது, தமிழும் வாசிக்கும். இன்று தக்கலையில் ஒரு மாணவி ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தால், அதே டெசராக்ட் அவருடைய லேப்டாப்பிலேயே, பிரவுசருக்குள் ஓடுகிறது. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். படத்தை எந்த சர்வருக்கும் அனுப்ப வேண்டாம். இதற்கு வழிசெய்தது வெப்அசெம்பிளி, அதாவது சி போன்ற மொழிகளில் எழுதிய நிரலை பிரவுசருக்குள் ஓட்டுவதற்கான ஒரு வடிவம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1995 முதல் பிரவுசரின் மொழி ஜாவாஸ்கிரிப்ட். பட்டனை அழுத்தினால் பெட்டி திறக்கிற வேலைக்கு அது தாராளம். ஒரு படத்தின் லட்சக்கணக்கான புள்ளிகளைக் கணக்குப் போடும்போதுதான் திணறும். ஒரு மாறியில், அதாவது நிரல் தகவலைப் போட்டு வைக்கும் பெட்டியில், இருப்பது எண்ணா, எழுத்தா என்பது ஓடும்போதுதான் தெரியவரும். பிரவுசர் ஊகித்துக்கொண்டு, கணினியின் சிப் நேராகப் புரிந்துகொள்ளும் வேகமான இயந்திர நிரலைத் தயார் செய்யும். ஊகம் பொய்த்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மெதுவான வழிக்குத் திரும்பும்.

சரி, சி நிரலையே நேராக அனுப்பினால் என்ன? 1996-இல் வந்த மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் அதைத்தான் செய்தது. அனுப்பியவரை நம்புகிறீர்களா என்று ஒரு பெட்டி கேட்கும். சரி என்று அழுத்திவிட்டால் கணினி முழுவதும் அந்த நிரலுக்குத் திறந்த வீடு. 2008-இல் கூகுள் அறிவித்த நேட்டிவ் கிளையன்ட் நிரலைக் கட்டிப்போட்டு ஓட்டியது, ஆனால் குரோமைத் தாண்டவில்லை. 2013-இல் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தயாரிக்கும் மொசில்லா, ஏஎஸ்எம்.ஜேஎஸ் என்ற, ஜாவாஸ்கிரிப்டின் இறுக்கமான ஒரு பகுதியை எடுத்து, சி நிரலை எந்த பிரவுசரிலும் ஓட்ட முடியும் என்று காட்டியது. அதற்குப் பிறகு 2015 ஜூனில் மொசில்லா, கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் நான்கும் சேர்ந்து வெப்அசெம்பிளியை அறிவித்தன. 2017 முடிவதற்குள் நான்கு பிரவுசர்களிலும் வந்துவிட்டது. 2019 டிசம்பர் 5-இல் அதிகாரபூர்வ வலைத் தரமானது. போட்டி நிறுவனங்கள் ஒரே வடிவத்துக்கு ஒத்துக்கொண்டதை, அதன் வேகத்தைவிடப் பெரிய காரியமாக நான் மதிக்கிறேன்.

அந்த வடிவத்தைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். ஒரு வெப்அசெம்பிளி கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் எப்போதும் 0, 97, 115, 109. இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு ஃபங்ஷனின் கட்டளைகள் 32, 0, 32, 1, 106, 11. அவ்வளவுதான். 32, 0 என்றால் முதல் எண்ணை எடுத்து அடுக்கில் வை. 32, 1 என்றால் இரண்டாவதை அதன்மேல் வை. 106 என்றால் மேலே இருக்கும் இரண்டையும் எடுத்துக் கூட்டி, விடையை வை. 11 என்றால் முடிந்தது.

106 வரும் இடத்தில் அடுக்கின் மேலே இரண்டு 32-பிட் முழு எண்கள் இருந்தே ஆக வேண்டும். இருக்கின்றனவா என்று ஒரு கட்டளையைக்கூட ஓட்டுவதற்கு முன்பே பிரவுசர் பார்த்துவிடுகிறது. இல்லையென்றால் கோப்பு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும். களியக்காவிளை செக்போஸ்டில் லாரியை ஒரு தடவை சோதித்து அனுப்பிவிட்டால், அப்புறம் ஒவ்வொரு ஜங்ஷனிலும் நிறுத்த வேண்டியதில்லை, இல்லையா? அதேதான். எது எண், என்ன அளவு என்பது முன்பே உறுதியாகிவிட்டதால் ஊகிக்க எதுவுமில்லை. நேராக இயந்திர நிரலாக மாற்றிவிடலாம். பாதுகாப்புக்காகச் செய்த சோதனையே வேகத்துக்கும் அடிப்படையாகிறது. இந்த அமைப்பில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

நினைவகத்திலும் கண்டிப்பு உண்டு. நிரலுக்கு 64 கிலோபைட் பக்கங்களாக நினைவகம் ஒதுக்கப்படும். அதற்கு வெளியே கை வைத்தால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். கேமரா, கோப்பு, இணையம் எதையும் அது தானாகத் தொட முடியாது. வலைப்பக்கம் எந்த ஃபங்ஷன்களைக் கொடுத்ததோ அவை மட்டுமே வாசல்.

ஆனால் அந்த ஒதுக்கிய இடத்துக்குள்ளேயே சி நிரலின் பழைய வியாதிகள் தொடரும். ஒரு அரே, அதாவது வரிசையாக வைத்த தகவல்கள், எல்லை மீறினால் பக்கத்துத் தகவல் கெட்டுத்தான் போகும். கேட்காமலே நம் கணினியில் கிரிப்டோ நாணயம் தோண்டியவர்களும் இதே வேகத்தைத்தான் பயன்படுத்தினார்கள். விண்ணப்பப் படிவம் நிரப்பும் பக்கத்துக்கெல்லாம் இது தேவையே இல்லை.

கோணம் பாலிடெக்னிக்கிலும் மாவட்டத்தின் மற்ற கல்லூரிகளிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சி லேபில் எழுதிய மேட்ரிக்ஸ் பெருக்கல் நிரல் உங்களிடம் இருக்கும். எம்ஸ்கிரிப்டன் என்ற இலவச கம்பைலரில், அதாவது நிரலை வேறு வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளில், அதைக் கொடுத்து வெப்அசெம்பிளி ஆக்குங்கள். அதே கணக்கை ஜாவாஸ்கிரிப்டிலும் எழுதி, சிறிய மேட்ரிக்ஸுக்கும் பெரிய மேட்ரிக்ஸுக்கும் நேரம் பாருங்கள். சிறியதில் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. பிறகு எஃப்12 அழுத்தி பிரவுசரின் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, பிரவுசர் காட்டும் கட்டளைகளை உங்கள் சி வரிகளோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டு வாசியுங்கள்.

நன்றி, வணக்கம்.