கேட்டுக்கு மேலேயே முடிந்துவிடும் திருப்பம்

வணக்கம் நேயர்களே.

ஆண்கள் ஜெயன்ட் ஸ்லாலம் பனிச்சறுக்குப் போட்டியைத் திரையில் பார்க்கிறவர்களின் கண், சிவப்பும் நீலமுமாக நிற்கிற கொடிகளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வீரர் கொடியைத் தோளால் உரசிவிட்டுப் போகிறார், இடுப்பு பனியைத் தடவுகிறது, நாம் வியக்கிறோம். ஆனால் கொடியைத் தொடுகிற அந்தக் கணத்தில் அவருடைய வேலை பெரும்பாலும் முடிந்துபோயிருக்க வேண்டும். திருப்பம் என்பது கேட்டுக்கு, அதாவது வீரர் கடந்தாக வேண்டிய கொடி வாயிலுக்கு, சரிவில் மேலே நடக்கிற காரியம். கேட்டுக்குக் கீழே அதைச் செய்கிறவர் நேரத்தை இழக்கிறார். ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

களத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஒலிம்பிக்கிலும் உலகக் கோப்பையிலும் ஆண்களுக்கான தடத்தில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள உயர வேறுபாடு 300 மீட்டருக்குக் குறையக்கூடாது, 450 மீட்டரைத் தாண்டக்கூடாது. எத்தனை திருப்பம் வைக்கலாம் என்பதும் அந்த உயரத்தைப் பொறுத்ததுதான்: மீட்டர் எண்ணிக்கையில் 11 முதல் 15 விழுக்காடு. 400 மீட்டர் இறக்கம் என்றால் 44 முதல் 60 திருப்பங்கள். கேட்டின் அகலம் 4 முதல் 8 மீட்டர். ஒரு கேட்டிலிருந்து அடுத்த கேட்டுக்குப் பொதுவாக 25 மீட்டரை ஒட்டிய தூரம் இருக்கும். இதை ஏறத்தாழ ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றேகால் நிமிடத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். ஒரே நாளில், ஒரே சரிவில் இரண்டு ஓட்டம். இரண்டாவது ஓட்டத்துக்குக் கொடிகளைப் பிடுங்கி வேறு அமைப்பில் நடுவார்கள். இரண்டு நேரத்தையும் கூட்டியே வெற்றி தீர்மானிக்கப்படும்.

1952இல் ஓஸ்லோ ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி முதன்முதலாக நடந்தபோது ஒரே ஓட்டம்தான். நார்வேயின் ஸ்டைன் எரிக்சன் வென்றார். ஆண்களுக்கு இரண்டு ஓட்டம் என்று ஆனது 1968இல் கிரெனோபிளில்.

இப்போது திருப்பத்துக்கு வருவோம். சரிவில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் அது எந்த வழியாக ஓடுமோ, அதை நீரோடும் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீரர் குறுக்காக வந்து, ஸ்கீயின், அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகையின், முனை அந்தக் கோட்டை நோக்கித் திரும்புவது திருப்பத்தின் மேல்பாதி. கோட்டைக் கடந்து மறுபக்கம் குறுக்காகப் போவது கீழ்பாதி. வளைவில் போகிற வீரரை வெளிப்பக்கம் தள்ளும் விசை மேல்பாதியில் மலையின் மேல்நோக்கி இருக்கிறது, புவியீர்ப்போ கீழ்நோக்கி இழுக்கிறது. ஒன்றை ஒன்று ஓரளவு கழித்துவிடுகின்றன. கீழ்பாதியில் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. அதே வேகம், அதே வளைவு, ஆனால் காலில் ஏறும் பாரம் மிக அதிகம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் 20 மீட்டர் ஆர வளைவு என்றாலே வெளித்தள்ளும் விசை உடல் எடையைப்போல் இரு மடங்கு. கீழ்பாதியில் மொத்தம் மூன்று மடங்கை எட்டும். 80 கிலோ ஆளுக்கு 240 கிலோ, அதுவும் பெரும்பாலும் ஒற்றைக் காலில்.

அந்த பாரத்தில் ஸ்கீயின் விளிம்பு பனியைப் பிடித்து நிற்க முடியாமல் நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது, மறுபடி நழுவுகிறது. தடதடவென்று அதிர்கிறது. ஒவ்வொரு நழுவலும் ஒரு சிறு பிரேக். வானொலியில் பேசுவதால் ஒரு வசதி: இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். அடுத்தமுறை ஒளிபரப்பைப் பார்க்கும்போது கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். துணியைக் கிழிக்கிறமாதிரி ஒரே சீரான ஒலி வந்தால் ஸ்கீ விளிம்பில் ஓடுகிறது. கரடுமுரடாகச் சுரண்டுகிற ஒலி வந்தால் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. வர்ணனையாளர் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அதனால்தான் பயிற்சியாளர்கள் ‘மேலேயே முடி’ என்று ஓயாமல் சொல்கிறார்கள். முந்தைய கேட்டைத் தாண்டிய உடனே பழைய வெளிக்காலை, அதாவது முடிந்த வளைவின் வெளிப்பக்கக் காலை, பாரத்திலிருந்து விடுவிக்க வேண்டும். உடல் இரண்டு ஸ்கீக்கும் மேலாகக் குறுக்கே பாய்ந்து அடுத்த உள்பக்கத்துக்குப் போக வேண்டும். ஒரு நொடித்துண்டு ஸ்கீ தட்டையாக இருக்கும். அடுத்த கணமே புதிய வெளி ஸ்கீயின் விளிம்பு, ஸ்கீ இன்னும் குறுக்கே நோக்கியிருக்கும்போதே, பனியில் பதிய வேண்டும். அழுத்தத்தின் உச்சம் கொடிக்குச் சற்று மேலே. கொடியைக் கடக்கும்போது விடுவித்தல் தொடங்கிவிட வேண்டும்.

தாமதித்தால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் இதில் உள்ள சூது. ஒரு கேட்டில் அரை மீட்டர் கீழே இறங்கிவிட்டவர் அடுத்த கேட்டுக்குத் தேவையான உயரத்தை இழக்கிறார்; அங்கே ஒரு மீட்டர் தாமதம், அதற்கடுத்து இன்னும் அதிகம். நான்காவது கேட்டில் ஆள் வெளியே போகிறார். அந்த இடத்தைத்தான் காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். தவறு நடந்த இடம் மூன்று கேட் மேலே இருக்கிறது.

ஸ்கீயின் வடிவத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஸ்கீயின் நடு ஒல்லி, முன்னும் பின்னும் அகலம். அந்தப் பக்க வளைவை நீட்டி ஒரு வட்டமாக வரைந்தால் கிடைக்கும் ஆரம், ஆண்களுக்கு இன்றைய விதிப்படி குறைந்தது 30 மீட்டர். ஸ்கீயின் நீளம் குறைந்தது 193 சென்டிமீட்டர். ஸ்கீயைச் சாய்க்கச் சாய்க்க அது வெட்டும் வளைவு சிறிதாகும். 50 பாகைச் சாய்வில் 19 மீட்டர் சொச்சம், 60 பாகையில் 15 மீட்டர், 70 பாகையில் 10 மீட்டர் அளவு. இடுப்பு பனியைத் தொடுவது வேடிக்கைக்காக அல்ல என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

2012-13 பருவத்திலிருந்து சில ஆண்டுகள் இந்த ஆரம் 35 மீட்டராக இருந்தது. முழங்கால் காயங்களைக் குறைக்கக் கொண்டுவந்த மாற்றம் அது. முன்பிருந்த 27 மீட்டர் ஸ்கீயில் பழகியவர்கள் திணறினார்கள். விதியைக் கடுமையாக எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் டெட் லிகட்டி. அந்தப் பருவத்தின் முதல் போட்டி ஆஸ்திரியாவின் சோல்டன் பனியாற்றுச் சரிவில் நடந்தது. வென்றது அவரேதான், 2.75 நொடி வித்தியாசத்தில்! நூறில் ஒரு பங்கில் முடிவு தீர்மானமாகும் விளையாட்டில் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மற்றவர்களைவிட வெகு முன்னதாக, வெகு மேலே, அவர் ஸ்கீயைச் சாய்த்துவிட்டார். ஆரம் பெரிதானால் திருப்பத்துக்கு இடமும் நேரமும் கூடுதலாக வேண்டும். மேலே தொடங்குகிறவருக்கே அது கிடைக்கும். 2014 சோச்சி ஒலிம்பிக்கிலும் தங்கம் அவருக்கே. 2017-18 முதல் ஆரம் 30 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

எல்லாத் திருப்பத்தையும் முழுக்க விளிம்பிலேயே போட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செங்குத்தான இடத்தில் கேட்டுகள் பக்கவாட்டில் மிக விலகி நின்றால், வீரர் மேல்பாதியில் வேண்டுமென்றே ஸ்கீயைக் கொஞ்சம் குறுக்கே வீசி வழுக்கவிட்டு, பிறகு விளிம்பைப் பதிப்பார். வேகம் சிறிது போகும், பாதை காப்பாற்றப்படும். மேலே வழுக்குவது உத்தி, கீழே வழுக்குவது பிழை. என் பார்வையில், ஒரு வீரரின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

பார்வையாளர் கவனிக்காத இன்னொரு பிழை உள்பக்கம் சாய்ந்துவிடுவது. முழு உடலையும் கம்பம்போலச் சாய்த்தால் எடை உள் ஸ்கீக்குப் போய்விடும், வெளி ஸ்கீ கழன்று ஓடும், ஆள் இடுப்பில் உட்கார்ந்துவிடுவார். இடுப்பு உள்ளே போனாலும் தோள்கள் சரிவுக்கு இணையாக நிற்க வேண்டும். உள்கை தொங்கினால் தோள் தொங்கும், தோள் தொங்கினால் வெளிக்காலின் பிடி போகும். வேறொரு விபத்தும் உண்டு: அளவுக்கு மீறிச் சாயும்போது காலணியின் பக்கமே பனியில் முட்டி விளிம்பைத் தூக்கிவிடும். ஸ்கீக்கும் காலணிக்கும் இடையே தட்டு வைத்து உயர்த்துவது இதைத் தவிர்க்கத்தான். அந்த உயரத்துக்கும் எல்லை உண்டு: ஸ்கீ, தட்டு, காலணியைப் பூட்டும் பிணைப்பு எல்லாம் சேர்ந்து 50 மில்லிமீட்டர், காலணியின் அடிப்பாகம் 43 மில்லிமீட்டர்.

விளிம்பைத் தீட்டுகிறவர் திரைக்கு வராதவர். பக்க விளிம்பை 87 அல்லது 86 பாகைக்கும், அடிப்பக்கத்தை அரைப் பாகை அளவுக்கும் அரம், வைரக்கல் கொண்டு தேய்ப்பார். அடிப்பக்கக் கோணம் அதிகமானால் ஸ்கீ தாமதமாகப் பிடிக்கும். மிகக் குறைந்தால் எதிர்பாராத கணத்தில் கவ்வி ஆளைத் தூக்கியெறியும். புதிய, கரகரப்பான பனியில் கத்திமுனைக் கூர்மையே பகையாகும்: பிடித்த விளிம்பு விடாது. அப்போது முனையிலும் வாலிலும் சில சென்டிமீட்டருக்கு ரப்பர் கல்லால் லேசாக மழுக்குவார்கள். அடியில் பூசும் மெழுகில் ஃப்ளூரின் சேர்மங்கள் 2023-24 பருவம் முதல் தடை.

பனியும் இயற்கையாக விழுந்தபடி கிடப்பதில்லை. துளைகள் உள்ள நீண்ட குழாய்களைச் சரிவில் கிடத்தி, அழுத்தத்தில் தண்ணீரை உள்ளே செலுத்தி உறையவைப்பார்கள். கண்ணாடிபோல் கெட்டியான அந்தத் தளத்தில் முதல் ஆளுக்கும் முப்பதாவது ஆளுக்கும் ஏறக்குறைய ஒரே தடம் கிடைக்கும். மென்பனியாக இருந்தால் பத்துப் பேர் போவதற்குள் கொடியைச் சுற்றிப் பள்ளம் விழும். வெயிலில் இளகினால் உப்புத் தூவுவார்கள். உப்பு மேலே கொஞ்சம் உருக்கும், உருகத் தேவையான வெப்பத்தைச் சுற்றியுள்ள பனியிடமிருந்து இழுக்கும், அது இறுகும். ஈரமில்லாத பனியில் இது வேலைசெய்யாது. பலனும் நெடுநேரம் நிற்காது.

தொடக்க வரிசைக்குத் தனி நியாயம் உண்டு. முதல் ஓட்டத்தில் தரவரிசையில் முன்னிற்பவர்கள் முதலில். இரண்டாவது ஓட்டத்தில் முதல் 30 பேர் தலைகீழாக இறங்குவார்கள்; முப்பதாவது ஆளுக்குப் புதுத்தடம், முன்னிலை வகிப்பவருக்குப் பள்ளம் விழுந்த தடம். உலகக் கோப்பையில் அந்த 30 பேரோடு சரி. ஒலிம்பிக்கில் மற்றவர்களும் பின்னால் வருவார்கள். போட்டிக்கு முன் வீரர்கள் தடத்தை ஓரமாக வழுக்கியபடி பார்த்து மனப்பாடம் செய்யலாம். கேட்டுகளின் ஊடே சறுக்கிப் பார்க்கக்கூடாது. அவர்கள் மனத்தில் குறித்துக்கொள்வது கொடிகளின் எண்ணிக்கையை அல்ல. மேட்டுக்கு அப்பால் மறைந்திருக்கும் கேட்டையும், தாளம் மாறும் இடத்தையும், சமதளம் தொடங்கும் கேட்டையும்தான். சமதளத்துக்கு முந்தைய திருப்பத்தில் இழந்த வேகம் அந்தத் தட்டையான பகுதி முழுவதும் கூடவே வரும்.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் யான்சிங் மலையில் கடும் பனிப்பொழிவு. வெளிச்சம் தட்டையாகி மேடுபள்ளத்தின் நிழலே தெரியவில்லை. முதல் ஓட்டத்திலேயே முப்பதுக்கும் மேற்பட்டோர் முடிக்காமல் வெளியேறினார்கள். இரண்டாவது ஓட்டம் தள்ளிப்போனது. சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட், ஸ்லோவேனியாவின் ஜான் கிரான்யெட்ஸை 0.19 நொடியில் வென்றார். இந்தியாவின் ஆரிஃப் கான் இரண்டு ஓட்டத்தையும் முடித்து 45ஆவது இடம் பெற்றார். அன்றைய நிலையில் முடித்ததே பெரிய காரியம்.

நேரத்தைத் தூரமாக மாற்றிப் பாருங்கள். 72 கிலோமீட்டர் வேகத்தில் நூறில் ஒரு நொடி என்றால் 20 சென்டிமீட்டர். 2006 டுரின் ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் பெஞ்சமின் ரைக் பிரான்சின் ஜொயெல் செனாலை 0.07 நொடியில் முந்தினார். அதே வேகக் கணக்கில் 1.4 மீட்டர். ஒரு ஸ்கீயின் நீளம்கூட இல்லை. இதனால்தான் தொடக்கக் கதவிலேயே சூட்சுமம்: கடிகாரத்தை ஓடவைக்கும் கோல் முழங்காலுக்குக் கீழே இருக்கும். வீரர் கைத்தடிகளை ஊன்றி உடல் முழுவதையும் முன்னால் எறிந்துவிட்டு, காலைக் கடைசியாகக் கொண்டுவருவார். கடிகாரம் ஓடத் தொடங்கும்போது அவர் ஏற்கெனவே வேகமெடுத்திருப்பார்.

இறுதிக் கோட்டைத் தாண்டியபின்னும் முடிவு உறுதியாவதில்லை. இரு ஸ்கீ முனைகளும் இரு பாதங்களும் ஒவ்வொரு கேட்டின் கோட்டையும் கடந்தனவா என்று கேட் நடுவர்களின் குறிப்பைப் பார்ப்பார்கள். காலணியின் அடிப்பாகத்தையும், ஸ்கீயின் உயரத்தையும், உடையின் காற்றூடுருவலையும் அளப்பார்கள். அந்த 43 மில்லிமீட்டர் மீறப்பட்டிருந்தால், மேலே எவ்வளவு அழகாகத் திரும்பியிருந்தாலும், பட்டியலில் அவருடைய பெயருக்கு எதிரே நேரம் இருக்காது.

வணக்கம்.